வீட்டுக்குள் 10 மீட்டர்: ஏர் ரைஃபிள் பழக முழுமையான வழிகாட்டி

ஏர் ரைஃபிள் கைக்கு வந்த முதல் ஆறு மாதம் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான்: குறி தவறினால் துப்பாக்கியைச் சந்தேகப்படுவது. பெல்லட் (அதில் போடும் சின்ன ஈயக் குண்டு) டப்பாவை மாற்றினேன், குறி பார்க்கும் சைட்டை மாற்றினேன், டிரிகரைத் திருகினேன், கடைசியில் ரைஃபிளையே மாற்றிவிடலாமா என்று விலை விசாரிக்கிற அளவுக்குப் போய்விட்டேன். அப்புறம் ஒரு நாள் சுட்ட தாள்களையெல்லாம் பரப்பிவைத்துக் கணக்குப் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தக் கணக்கைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் சுடுவதற்கு இடம் வேண்டும், அந்த இடம் பத்திரமாக இருக்க வேண்டும், அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

இங்கே சொல்வதெல்லாம் 4.5 மி.மீ ஏர் ரைஃபிளுக்கு, 10 மீட்டர் தூரத்துக்கு. ஏர் ரைஃபிள் வைத்திருக்க வயது, சக்தி, உரிமம் பற்றி உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது, வீட்டுக்குள் சுடலாமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றில் ஓடுகிறது என்பதற்காக இது பொம்மை ஆகிவிடாது, கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

இடம்

நிற்கும் கோட்டிலிருந்து தாள்வரை 10 மீட்டர். போட்டி விதிப்படி தாளின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில், 5 செ.மீ முன்னே பின்னே இருக்கலாம். நேராக 10 மீட்டர் ஓடுகிற அறை வீடுகளில் அபூர்வம், ஆனால் ஓர் அறையின் மூலையில் நின்று, வாசல் வழியாக, நடையைத் தாண்டி, அடுத்த அறையின் சுவர்வரை அளந்தால் பல வீடுகளில் கிடைத்துவிடும். அப்படி அளக்கும்போது ஒரே ஒரு கேள்வி: நடுவில் யாராவது பக்கவாட்டிலிருந்து காலை வைக்க முடியுமா? வழியில் ஒரு கதவு இருந்தால்கூட அதைப் பூட்ட வேண்டும். "சுடப் போகிறேன், வராதீங்க" என்று குரல் கொடுத்துவிட்டால் போதாது, ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். பூட்ட முடியாத கதவு வழியில் இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

10 மீட்டர் கிடைக்கவில்லையா, பரவாயில்லை. தாளைச் சுருக்கிக்கொள்ளலாம். ரைஃபிள் தாளில் கறுப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மி.மீ. 7 மீட்டர்தான் இருக்கிறது என்றால் அதை 70 சதவீதமாக, அதாவது சுமார் 21.4 மி.மீ ஆக அச்சடித்தால் சைட் வழியாகப் பார்க்கும்போது 10 மீட்டரில் தெரிகிற அதே அளவில் தெரியும். ஒரு சின்ன ஏமாற்று மட்டும் இதில் உண்டு. தாள் சுருங்கும், பெல்லட் சுருங்காது. துளையின் ஓரம் கோட்டைத் தொட்டாலே மேல் புள்ளி கிடைத்துவிடும் என்பதால், 7 மீட்டரில் வரும் ஸ்கோர் எப்போதும் உண்மையைவிட அழகாக இருக்கும். அதை நம்பி நண்பர்களிடம் பெருமையடிக்காமல் இருந்தால் சரி.

பெல்லட் பிடிக்கும் பெட்டி

வார இறுதியில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது, அவசரப்பட்டால் ஆபத்தும் இதில்தான். ஈயப் பெல்லட் கடினமான, செங்குத்தான தகட்டில் பட்டால் நசுங்கித் தூளாகிப் பக்கவாட்டில் தெறிக்கும். மரத்தில் பட்டால் சில சமயம் அப்படியே திரும்பி வரும். அதனால் பெட்டி அதைத் தடுத்தால் மட்டும் போதாது, விழுங்க வேண்டும்.

நான் பயன்படுத்துவது சாதாரண பிளைவுட் பெட்டி. 30 செ.மீ நீளம், 30 செ.மீ உயரம், 20 செ.மீ ஆழம், முன்பக்கம் திறந்தது. பின்பக்க உட்சுவரில் 3 மி.மீ இரும்புத் தகடு ஒன்றைத் திருகி, அதன் மேல் டக்ட் சீல் என்கிற பட்டியை 5 செ.மீ கனத்துக்கு அப்பியிருக்கிறேன். மின்வேலை செய்கிறவர்கள் குழாய் வாய்களை அடைக்க வைத்திருக்கும், களிமண் போலிருக்கும், எத்தனை வருஷமானாலும் காயாத பட்டி அது. பெல்லட் உள்ளே போய் அப்படியே தங்கிவிடும், சத்தமும் "தப்" என்று அடங்கிவிடும். ஒரு கட்டியைக் கையில் எடுத்து இரண்டு நிமிஷம் பிசைந்தால் இளகும், பிறகு சப்பாத்தி மாவை அழுத்துவது போல ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்திக்கொண்டே வர வேண்டும், இடையில் காற்று நின்றால் அந்த இடம் பெயர்ந்து விழும்.

"காயாத" என்ற சொல்லைக் கவனியுங்கள். முதல் பெட்டியில் நான் வைத்தது ஜன்னல் கண்ணாடிக்குப் பூசுகிற பட்டி. அதுவும் மெத்தென்றுதானே இருக்கிறது என்று நினைத்தேன். மூன்று வாரத்தில் அது கல்லாகிவிட்டது. ஒரு நாள் மாலை நான் சுட்ட பெல்லட் திரும்பி வந்து எனக்குப் பின்னால் இருந்த அலமாரியில் "டிங்" என்று மோதியது. கண்ணாடி போட்டிருந்தேன், ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றைக்கு அதற்கு மேல் ஒரு ஷாட்கூடச் சுட மனம் வரவில்லை.

டக்ட் சீல் கிடைக்காவிட்டால் ரப்பர் துண்டுகளை நிறைத்த பெட்டி செய்யலாம், அல்லது தகட்டின் மேல்விளிம்பு உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி 45 டிகிரியில் பொருத்தி, பெல்லட் கீழே இருக்கிற தட்டில் விழுமாறு வைக்கலாம். இரும்பு உருண்டைகளை மட்டும் எந்தப் பெட்டியிலும் சுடாதீர்கள், அவை ஈயம் போல நசுங்காமல் அப்படியே துள்ளித் திரும்பும்.

பெட்டிக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும், ஜன்னல் இருக்கக் கூடாது. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு மீட்டர் அகலமுள்ள 18 மி.மீ பிளைவுட் பலகை ஒன்றைச் சாய்த்துவிடுங்கள். பெட்டியையே தவறவிடுவேனா என்று தோன்றும். டிரிகர் தெரியாமல் தட்டுப்படுவது ஒருநாள் எல்லோருக்கும் நடக்கும். அந்தப் பலகை அந்த ஒருநாளுக்காக.

இன்னொன்று. ஒரே இடத்தில் சுட்டுக்கொண்டே இருந்தால் பட்டிக்குள் ஈயம் குவிந்து, புதுப் பெல்லட் பழைய பெல்லட்டின் மேல் மோதித் தெறிக்கும். முன்னூறு நானூறு ஷாட்டுக்கு ஒரு முறை பட்டியைக் கிளறி ஈயத்தை எடுத்துவிடுங்கள்.

வெளிச்சம்

இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் புள்ளி தருவதில் ரொம்ப மலிவான வேலை இதுதான். தாளின் மேல் 1500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) விழ வேண்டும் என்பது போட்டிக் கணக்கு, வீட்டில் ஒரு நல்ல எல்இடி விளக்கைத் தாளுக்கு மேலே, உங்கள் கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு மறைப்பு வைத்துப் பொருத்தினால் போதும். நீங்கள் நிற்கும் இடம் இருட்டாக இருக்கக் கூடாது. இருட்டில் நின்று வெளிச்சத்தைப் பார்த்தால் கண்மணி விரிந்து, சைட் விளிம்புகள் கரைந்தது போலத் தெரியும்.

தாளுக்குச் சாதாரண அச்சுத் தாள் வேண்டாம், அது கிழியும், துளை எங்கே என்று தெரியாது. கொஞ்சம் தடிமனான அட்டையும் தட்டைத் தலை பெல்லட்டும் சேர்ந்தால் பேப்பர் பஞ்ச் அடித்தது போல வட்டமாக விழும்.

துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்

ஸ்பிரிங் ரைஃபிள் என்றால் ஒவ்வொரு ஷாட்டிலும் உள்ளே ஒரு பிஸ்டன் முன்னால் பாய்ந்து நிற்கிறது. அந்த அதிர்வில் ஸ்டாக்கின், அதாவது தோளில் வைக்கும் கட்டையின், திருகுகள் தளர்ந்துகொண்டே இருக்கும். வாரம் ஒரு முறை சரியான அளவு திருப்புளியால் இறுக்கிப் பாருங்கள், பலம் முழுவதையும் போடாமல், நின்றதும் நிறுத்திவிடுங்கள். இது எனக்கு எவ்வளவு செலவு வைத்தது தெரியுமா? ஒரு டப்பா பெல்லட்டில் ஐந்து ஷாட்டும் ஒரே துளையாக விழுந்தது, ஆஹா இதுதான் என் துப்பாக்கிக்கான பெல்லட் என்று அதே வகையில் பத்து டப்பா வாங்கினேன், அடுத்த வாரம் அதே பெல்லட் தாள் முழுக்கச் சிதறியது. காரணம், முன்பக்கத் திருகு ஒன்று அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. இறுக்கிய பிறகும் அந்த ஒரே துளை திரும்ப வரவில்லை, ஏனென்றால் அது வெறும் அதிர்ஷ்டம். அதைப் பற்றித்தான் அடுத்த பகுதி.

ஸ்பிரிங் ரைஃபிளில் இன்னும் மூன்று விஷயம். குழலை மடக்கிப் பெல்லட் வைக்கும்போது மறுகை குழலை விடவே கூடாது, உள்ளே கொக்கி நழுவினால் குழல் பாய்ந்து மூடும், விரல் நடுவில் இருந்தால் முறியும். காற்று அழுத்தப்படும் அறைக்குள் சாதாரண எண்ணெய் போகக் கூடாது, அழுத்தச் சூட்டில் எண்ணெய் டீசல் எஞ்சினில் போலத் தீப்பிடித்து வெடிச்சத்தம் கேட்கும், சீல் கெட்டுப்போகும். பிறகு, இறுக்கிப் பிடிக்காதீர்கள். பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே ரைஃபிள் அசையத் தொடங்கிவிடுகிறது, அதனால் பிடி மாறினால் துளையின் இடம் மாறும். திறந்த உள்ளங்கையில் கிடத்தி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கிடத்தி, அது தன்னிஷ்டத்துக்கு உதைக்க விடுவதுதான் வழி.

அழுத்திய காற்றை அடைத்துவைத்துச் சுடும் சிலிண்டர் ரைஃபிள் என்றால் இந்தத் தொல்லை இல்லை. மெதுவாகக் காற்று நிரப்புங்கள், இணைப்புகளில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள், சிலிண்டரில் காலாவதித் தேதி பொறித்திருந்தால் அதை மதியுங்கள்.

பெல்லட் சோதனை

மூன்று வகைப் பெல்லட் போதும், மூன்றும் தட்டைத் தலை. 10 மீட்டர் ரைஃபிளுக்குப் பெரும்பாலும் 0.53 கிராம் ஒட்டிய எடையில் வரும், தலை விட்டம் 4.49, 4.50, 4.51 என்று டப்பாவில் போட்டிருக்கும். டப்பாவைத் திறந்ததும் ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். பின்பக்கப் பாவாடை நசுங்கியவை கண்ணுக்கே தெரியும், சந்தேகமானதைச் சாய்வான கண்ணாடி மேல் உருட்டினால் தள்ளாடும். அவற்றை ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு பெல்லட்டையும் தராசில் வைத்து எடை பார்க்கிறவர்கள் உண்டு. நானும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்தேன், பொழுது நன்றாகப் போனது என்பதைத் தவிர வேறு பலன் தெரியவில்லை.

சோதனைக்கு உட்கார்ந்து, மணல் பை மேல் ரைஃபிளின் முன்பாகத்தைத் தாங்கிச் சுடுங்கள். வகை மாற்றும்போது முதல் பதினைந்து இருபது ஷாட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், குழலுக்குள் புது ஈயம் படிய அவ்வளவு வேண்டும். பிறகு ஐந்து ஷாட் கொண்ட குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட துளைகளின் கூட்டம்) ஐந்து. முதல் வகையை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் மூன்றாவது வகைக்கு வரும்போது கையும் கண்ணும் களைத்திருக்கும், பழி பெல்லட் மேல் விழும். அதனால் நாளை மாற்றுங்கள், வரிசையை மாற்றுங்கள்.

குரூப்பை அளக்க, தூரத்தில் இருக்கும் இரண்டு துளைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை அளந்து 4.5 மி.மீ கழித்துவிடுங்கள், மையத்துக்கு மையம் வந்துவிடும். என் நோட்டில் ஒரு வகைக்கு இப்படி இருக்கிறது: 5.8, 9.1, 7.4, 8.2, 6.9. ஒரே ரைஃபிள், ஒரே டப்பா, ஒரே நாள். 5.8-ஐ மட்டும் பார்த்திருந்தால் பத்து டப்பா வாங்கியிருப்பேன், 9.1-ஐ மட்டும் பார்த்திருந்தால் தூக்கி எறிந்திருப்பேன். சராசரி ஏறக்குறைய 7.5. ஒற்றைக் குரூப்பை வைத்து ஒரு முடிவும் எடுக்காதீர்கள்.

சரி, இப்போது அந்தக் கணக்கு. உட்கார்ந்து சுட்டால் 7.5 மி.மீ. அதே பெல்லட்டை நின்று சுட்டபோது என் குரூப் 35 மி.மீ பக்கம் இருந்தது. பலர் இதில் துப்பாக்கியின் பங்கு கால்வாசி என்று நினைப்பார்கள். அப்படி இல்லை, ஒன்றோடொன்று தொடர்பில்லாத தவறுகள் கூட்டலாகச் சேர்வதில்லை, வர்க்கங்களாகச் சேர்கின்றன. என் கையின் ஆட்டம் மட்டும் 35 என்று வைத்து, 35-இன் வர்க்கம் 1225, 7.5-இன் வர்க்கம் 56, கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 35.8. அதாவது அந்த "சுமாரான" பெல்லட் எனக்குச் செய்த கெடுதல் முக்கால் மி.மீட்டருக்கும் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். உலகிலேயே சிறந்த ரைஃபிளை என் கையில் கொடுத்திருந்தாலும் 35.8 போய் 35 ஆகியிருக்கும். நான் விலை விசாரித்துக்கொண்டிருந்தது அந்த முக்கால் மி.மீட்டருக்கு!

வேகத்தைப் பற்றியும் இதே கதைதான். போட்டிக்கான மேட்ச் ரைஃபிளின் பெல்லட் வினாடிக்கு 170 மீட்டர் அளவில் போகிறது. 10 மீட்டரைக் கடக்க 0.059 வினாடி, அதற்குள் ஈர்ப்பில் விழுவது 17 மி.மீ. வேகம் 165 ஆகக் குறைந்தால் 18 மி.மீ. ஐந்து மீட்டர் வேக வித்தியாசத்துக்கு ஒரு மி.மீ. வேகமானி வாங்கி இரவெல்லாம் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சுடாமல் சுடுவது

ஆக, வேலை இருப்பது அந்த 35-இல். அதைக் குறைக்கப் பெல்லட்டே தேவையில்லை. டிரை ஃபயர் என்று சொல்வார்கள், குண்டில்லாமல் டிரிகர் பழகுவது. மேட்ச் ரைஃபிள்களில் இதற்கென்றே ஒரு விசை இருக்கும். ஸ்பிரிங் ரைஃபிளை மட்டும் வெறுமனே அழுத்தாதீர்கள், பெல்லட் இல்லாவிட்டால் பிஸ்டனைத் தடுக்கும் காற்று மெத்தை சரியாக உருவாகாது, ஸ்பிரிங்கும் சீலும் அடி வாங்கும். அந்த ரைஃபிளில் குறி பிடித்து நிற்பதை மட்டும் பழகலாம்.

முதலில் வெற்றுச் சுவர். தாள் இல்லாமல், குழல் முனையைச் சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குள் வைத்து, சைட்டுகளை மட்டும் பார்த்து டிரிகரை அழுத்துங்கள். அழுத்துகிற நொடியில் முன் சைட் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பாருங்கள். குறி என்று ஒன்று இல்லாததால் "இப்போ!" என்று இழுக்கத் தோன்றாது, விரல் செய்வது அப்பட்டமாகத் தெரியும். எனக்கு முன் சைட் எப்போதும் வலப்பக்கம் துள்ளியது. விரலின் நுனித் தசைக்குப் பதிலாக மடிப்பால் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

முன் சைட்டைப் பார் என்று எல்லோரும் சொல்வதற்குக் கணக்கு இருக்கிறது. இரண்டு சைட்டுக்கும் இடைவெளி அரை மீட்டர் என்றால், ஒன்று 0.1 மி.மீ பிசகினால் தாளில் 2 மி.மீ பிசகும், இருபது மடங்கு. ஆனால் உடம்பு ஆடி ரைஃபிள் முழுவதும் அப்படியே 2 மி.மீ நகர்ந்தால் தாளிலும் 2 மி.மீதான் நகரும். ஆட்டத்தைப் பார்த்துப் பயப்படாமல் சைட்டுகளின் பொருத்தத்தைக் காப்பாற்றுங்கள்.

அடுத்து நிற்கும் நிலை. ரைஃபிளைத் தூக்கிக் குறி பிடித்து, கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுவிட்டுத் திறங்கள். சைட் இடப்பக்கம் போயிருந்தால் கையால் இழுத்து வராதீர்கள். தசை ஞாபகமாக அதைப் பழைய இடத்துக்கே தள்ளும். பின்னங்காலைக் கொஞ்சம் நகர்த்தி, திரும்பக் கண்ணை மூடித் திறந்து பாருங்கள். கண்ணைத் திறக்கும்போதே கறுப்பு வட்டம் அங்கே இருக்கும்வரை இதைச் செய்யுங்கள். முதல் நாள் பத்து நிமிஷம் ஆகும், ஒரு மாதத்தில் அரை நிமிஷம்.

மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஆறிலிருந்து எட்டு வினாடிக்குள் ஷாட் போய்விட வேண்டும். பத்தைத் தாண்டினால் கண் பழைய காட்சியையே காட்டிக்கொண்டிருக்கும், கை ஆடத் தொடங்கும், கீழே இறக்கிவிடுங்கள். இறக்குவதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, இவ்வளவு நேரம் பிடித்துவிட்டோமே என்ற லோபம். டிரிகர் விழுந்த பிறகும் ஒரு வினாடி அப்படியே நில்லுங்கள், சைட் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தலையைத் தூக்க வேண்டும். நாளைக்குப் பதினைந்து நிமிஷம், வாரத்தில் ஐந்து நாள். நிஜப் பெல்லட் வாரத்தில் ஒரு நாள், நாற்பது போதும்.

ஈயம், சுத்தம்

சுடும் அறையில் சாப்பிடாதீர்கள், பெல்லட்டை வாயில் கவ்விக்கொள்ளாதீர்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பெட்டியைச் சுற்றி விழும் சாம்பல் நிறத் தூளைத் துடைப்பத்தால் கூட்டினாலோ சாதாரண வேக்குவம் போட்டாலோ அது காற்றில் ஏறும். ஈரத் துணியால் துடைத்து, துணியைத் தனிப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் இந்த வேலைக்குப் பக்கத்தில் விடாதீர்கள்.

குழலைச் சுத்தம் செய்வதற்கு ஃபெல்ட் உருண்டைகள் போதும், உலோகத் தூரிகை வேண்டாம். குரூப் விரியத் தொடங்கினால் செய்யுங்கள், பழக்கத்துக்காகச் செய்யாதீர்கள். சுத்தம் செய்த பிறகு முதல் பத்து ஷாட் அலையும்.

நோட்டு

ஸ்கோரை எழுதுகிறவர்கள் நிறைய, ஆனால் ஸ்கோர் மட்டும் இருந்தால் அதிலிருந்து ஒன்றும் கற்க முடியாது. ஒரு வெற்றுத் தாள் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். ஷாட் போனதும், துளையைப் பார்ப்பதற்கு முன், டிரிகர் விழுந்தபோது சைட் எங்கே இருந்ததோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. அப்புறம்தான் தொலைநோக்கியில் துளையைப் பார்த்து, பேனாவால் இன்னொரு புள்ளி. ரைஃபிள் தாளில் 10 என்பது நடுவிலிருந்து பெல்லட்டின் மையம் 2.5 மி.மீக்குள் விழுவது, அதை 0.25 மி.மீ படிகளாகப் பிரித்து 10.0 முதல் 10.9 வரை போடுகிறார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் இந்திய வீரர் அபினவ் பிந்த்ராவின் கடைசி ஷாட் 10.8, மையத்திலிருந்து அரை மி.மீக்குள். நமக்கு அந்த அளவெல்லாம் வேண்டாம், பென்சிலும் பேனாவும் ஒரே திசையைக் காட்டினாலே ஆரம்பத்துக்கு நிறைய.

இருபது ஷாட் முடிந்ததும் இரண்டு கூட்டத்தையும் பாருங்கள். பென்சில் புள்ளிகள் சிதறி, பேனாப் புள்ளிகளும் அதே மாதிரி சிதறியிருந்தால் சைட்டில் கை வைக்காமல் வெற்றுச் சுவர்ப் பயிற்சிக்குப் போங்கள். பென்சில் புள்ளிகள் நடுவில் இருந்து, பேனாப் புள்ளிகள் எல்லாம் கூட்டமாக ஒரே பக்கம் தள்ளியிருந்தால், கூட்டத்தின் நடுவை அளந்து அவ்வளவு தூரம் சைட்டைத் திருப்புங்கள். பென்சில் ஒரு பக்கமும் பேனா கண்ட பக்கமும் போனால் திருப்புளியை எடுத்துத் திருகுகளைப் பாருங்கள்.